பல்லை எண்ணும் படிப்பு

ஒரு விருந்தின் சுவையை அறிய வேண்டின், சமைத்தவரைக் கேட்பதினும் உண்டவரைக் கேட்பதே முறை. கல்வியின் காரியத்தில் மட்டும் இம்முறை பெரும்பாலும் கைக்கொள்ளப்படுவதில்லை. பாடத்திட்டத்தை வகுப்போர் பேராசிரியர். அதனைப் பரிசீலித்து அங்கீகரிப்போர் தொழிற் கழகத்தார். அதற்குப் பொருள் செலவிடுவோர் அரசாங்கமும் பெற்றோரும். அதனை நாள்தோறும் உண்டு செரிக்க வேண்டிய மாணாக்கரின் கருத்து யாது என்று கேட்போர் மிகச் சிலரே. ஆண்டிறுதியில் ஒரு தாளைக் கொடுத்து, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களில் ஒன்றை வட்டமிடச் செய்வதோடு அக்கேள்வி முடிந்துவிடுகிறது.

நாம் மலேசியாவில் உள்ள பல் வைத்தியக் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டு பயின்று, பட்டம் பெற்று வெளிவந்தோம். அவ்வைந்தாண்டுகளிலும் விடுதித் தாழ்வாரத்திலும், சிற்றுண்டிச் சாலையிலும், இரவில் மெழுகுப் பற்கள் செதுக்கிக்கொண்டிருந்த ஆய்வுக்கூடத்திலும் நாமும் நம் தோழரும் நம் படிப்பைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு அளவில்லை. வட்டமிட்ட எண்களுள் அடங்காத அப்பேச்சின் சாரத்தையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம். கல்லூரியின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ கூறுவது நம் நோக்கமன்று. பல கல்லூரிகளில் பயின்ற நண்பரும் ஏறத்தாழ இதே கதையைக் கூறக் கேட்டிருக்கிறோம். ஆதலின் இது ஓரிடத்துக் குறையன்று. ஒரு முறையின் குறை.

பல் வைத்திய மாணாக்கரின் பாடத்திட்டத்தைப் பற்றிப் பொதுமக்கள் அறிய வேண்டியது என்ன என்று சிலர் வினவக்கூடும். 2022-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் ஏதேனும் ஒரு வாய் நோயால் பீடிக்கப்பட்டுள்ளனர் என்று கணக்கிடுகிறது. பல் போனால் சொல் போயிற்று என்பது நம் முன்னோர் வாக்கு. சொல் மட்டுமன்று, ஊணும், உறக்கமும், நாலு பேர் நடுவே வாய் திறந்து சிரிக்கும் துணிவும் உடன் போகின்றன. என்றேனும் ஒருநாள் நம்முள் ஒவ்வொருவரும் அந்தச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து வாய் திறக்க வேண்டியவரே. நம் வாய்க்குள் கருவியோடு நுழையும் கை எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டது, அக்கைக்கு வழிகாட்டும் மனம் எதனை மேன்மையாகக் கருதக் கற்றது என்பன அறிய வேண்டுவனவே.

இப்படிப்பு தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பண்டைக் காலத்தில் பல் பிடுங்குதல் நாவிதர்க்கும் சந்தையில் கடை விரிப்போர்க்கும் உரிய கைத்தொழிலாக இருந்தது. 1840-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில்தான் பல் வைத்தியத்திற்கென்றே தனிக் கல்லூரி ஒன்று உலகில் முதன்முதல் எழுந்தது. பின்னர் 1926-இல் வில்லியம் கீஸ் என்னும் அறிஞர் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பல் வைத்தியக் கல்லூரிகளை ஆராய்ந்து பெரியதோர் அறிக்கை வெளியிட்டார். பல் வைத்தியம் வெறும் கைத்தொழிலாக நில்லாது, பல்கலைக்கழகத்தின் உறுப்பாகவும் மருத்துவ விஞ்ஞானத்தின் கிளையாகவும் நிலவ வேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம்.

நம் பகுதியில் இக்கல்விக்கு வித்திட்ட இடம் சிங்கப்பூர். 1905-இல் தோன்றிப் பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னரின் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரியில், 1929-ஆம் ஆண்டு பல் வைத்தியப் பிரிவு தொடங்கப்பட்டது. 1949-இல் அக்கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. கோலாலம்பூரில் 1972-இல் பல் வைத்தியப் புலம் அமைந்தது. இன்று மலேசியாவில் அரசாங்கக் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளுமாகப் பத்துக்கு மேற்பட்டவை இப்படிப்பை அளிக்கின்றன. இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. இப்படிப்புக்குப் பெற்றோர் இருவர்: ஒன்று மருத்துவம், மற்றொன்று கைத்தொழில். இருவர் சாயலும் பிள்ளையின் முகத்தில் உண்டு. மாணாக்கரின் மனக்குறைகளும் இவ்விரண்டும் ஒட்டாத இடத்திலேதான் பெரும்பாலும் பிறக்கின்றன.

முதற் குறை, முதல் இரண்டாண்டுகளைப் பற்றியது. அக்காலத்தில் மாணாக்கர் உடற்கூறு, உடலியக்கம், உயிர் இரசாயனம், நோய்க்கூறு, மருந்தியல் முதலியவற்றைப் படிக்கின்றனர். "பல்லைப் பார்க்க வந்தவனுக்குச் சிறுநீரகத்தின் நுண்குழாய் எதற்கு?" என்று கேளாத மாணாக்கரை நாம் கண்டதில்லை. தேர்வு முடிந்த மறுநாளே பாதியும், அடுத்த ஆண்டில் மீதியும் மறந்துபோகும் பாடம் இது என்பர். இக்குறையில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், நாம் இதனை முழுதும் ஒப்புவதற்கில்லை.

நம் மக்களிடையே, மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற அச்சம் இன்றும் குடிகொண்டிருக்கிறது. முகம் வீங்கி, சீழ் கட்டி, காய்ச்சல் கண்ட பின்னரும் இவ்வச்சத்தால் பல்லைப் பிடுங்க மறுப்போர் பலர். அவர்க்கு விடை கூறுவது எது? தலை நரம்புகளைப் பற்றிய அந்தப் பாடமே. கண்ணுக்குப் பார்வை தருவது இரண்டாவது தலை நரம்பு. பல்லுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாவது தலை நரம்பு. இரண்டும் வெவ்வேறு. ஐந்தாவது நரம்பின் கிளையொன்று கண்குழியின் அடித்தளம் வழியே செல்வதும், மேற்பல்லில் சீழ் வைத்தால் கண்ணின் கீழே வீங்குவதும் உண்மை. அதனைக் கண்டவர்களே பல்லுக்கும் பார்வைக்கும் முடிச்சுப் போட்டனர் போலும். பல்லைக் குடைவது புழு என்பாரும் உளர். சர்க்கரையைத் தின்று அமிலம் செய்யும் நுண்ணுயிர்களின் கதையை உயிர் இரசாயனம் கூறுகிறது. மூடநம்பிக்கையை எள்ளி நகைப்பது எளிது. அதன் வேரைக் காட்டிப் பிடுங்குவதற்கே படிப்பு வேண்டும்.

ஆயின், குறை எங்கே? அப்பாடத்தைக் கற்பித்த ஆசிரியர் எவரும் இந்த அச்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. நரம்பு முதலாண்டில் தனியே கிடந்தது. நோயாளி நான்காமாண்டில் தனியே வந்தார். இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டும் பொறுப்பு இருபது வயது மாணாக்கரின் தலையில் விடப்பட்டது. "இப்பாடம் வேண்டாம்" என்று மாணாக்கர் கூறும்போது, "இது எதற்கு என்று எமக்குச் சொல்லுங்கள்" என்பதே அதன் பொருள். ஆசிரியர் இதனை உணர்ந்தால் பாதிக் குறை அன்றே நீங்கிவிடும்.

அடுத்து வருவது கைப் பயிற்சி. இதனை வெறுப்போர் இல்லை. மெழுகுக் கட்டியில் பற்களின் உருவைச் செதுக்குதல் முதற்படி. ஒவ்வொரு பல்லுக்கும் ஒவ்வொரு மேடும் பள்ளமும் உண்டு என்பதை அப்போதுதான் கண் காண்கிறது. பிறகு பொம்மைத் தலை. வரிசையாக வைக்கப்பட்ட பொம்மைத் தலைகளின் வாயில் செயற்கைப் பற்களைப் பொருத்தி, துளைக்கருவியால் குடைந்து அடைக்கப் பழகுகிறோம். பல்லின் மேலோடு மிகத் தடித்த இடத்திலும் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அளவே. கை ஒரு மயிரிழை தவறினாலும் ஆசிரியரின் அளவுகோல் காட்டிக்கொடுத்துவிடும். இப்பயிற்சி இன்றி எவரையும் மனித வாயருகே விடுதல் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பொம்மைக்கு நாக்கு இல்லை, எச்சில் ஊறுவதில்லை, இருமல் இல்லை, அச்சம் என்பதே இல்லை. நடுங்கும் கையால் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் முதல் சொல் என்ன சொல்வது என்பதைப் பொம்மை கற்பிப்பதில்லை. அதற்கு வேறு வகுப்பும் இருக்கவில்லை.

இனி, நாம் தலையாயதாகக் கருதும் விஷயத்திற்கு வருகிறோம். பின் ஆண்டுகளில் மாணாக்கர் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்குகின்றனர். அப்போது ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு தரப்படுகிறது. இத்தனை பற்கள் அடைக்க வேண்டும். இத்தனை பற்கள் பிடுங்க வேண்டும். இத்தனை வேர் சிகிச்சை. பற்கள் முற்றும் இழந்தோர்க்கு இத்தனை முழுப் பல்செட்டு. சில பற்கள் இழந்தோர்க்கு இத்தனை பகுதிச் செட்டு. ஒவ்வொரு காரியம் முடிந்ததும் ஆசிரியர் கையொப்பம் இடுவார். குறித்த தொகை நிறையாதவர் இறுதித் தேர்வில் அமர முடியாது. இதனை மாணாக்கர் வழக்கில் 'ரிக்குவயர்மெண்ட்' என்பர். ஐந்தாண்டில் பிற சொற்கள் எல்லாம் மறந்துபோயினும் இச்சொல் மறவாது.

இதன் விளைவு என்ன? மாணாக்கர் நோயாளியைத் தேடி அலைகின்றனர். அத்தை, மாமா, வீட்டுக்காரர், விடுதிக் காவலர் ஆகிய எவரும் தப்புவதில்லை. பேருந்துக் கட்டணத்தையும் சிகிச்சைக் கட்டணத்தையும் தம் கைப்பொருளிலிருந்து கொடுத்து அழைத்துவருவோரும் உண்டு. "உன்னிடம் ஒரு வேர் சிகிச்சை மிஞ்சினால் எனக்குக் கொடு, நான் ஒரு பல்செட்டுத் தருகிறேன்" என்று பண்டமாற்றுப் பேசுவதும் வழக்கம். நம் தொழிலில் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டிலக்க எண் ஒன்று உண்டு. ஆறாம் வயதளவில் முளைக்கும் கீழ்வரிசை வலப்பக்கக் கடைவாய்ப் பல் நாற்பத்தாறு. "என் நாற்பத்தாறு இன்று வரவில்லை" என்று மாணாக்கர் வருந்திக் கூறும்போது, வராதவர் பல்லன்று, ஒரு மனிதர் என்பதை எவரும் நினைப்பதில்லை. அவர் ஏன் வரவில்லை, கூலி நாள் போய்விடும் என்றா, வலி தணிந்துவிட்டது என்றா, அஞ்சியா என்பதும் கேட்கப்படுவதில்லை.

நம் தோழர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுவோம். இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. அவர் பதிவேட்டில் ஒரு முழுப் பல்செட்டுக் குறைந்திருந்தது. அச்சமயம் அறுபது வயது கடந்த அம்மையார் ஒருவர் வந்தார். தோட்டத்தில் பால் மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்து, தோட்டம் விற்கப்பட்டபின் பட்டணத்து அடுக்கு வீட்டில் மகனோடு வாழ்பவர். மேல் வரிசையில் ஒரு பல்லும் இல்லை. கீழ் வரிசையில் முன்புறம் நான்கு பற்கள் மட்டும் எஞ்சியிருந்தன. நான்கும் உறுதியானவை. அந்நான்கையும் பிடுங்கிவிட்டால் கணக்குக்கு நான்கு பிடுங்கலும் கிடைக்கும், முழுப் பல்செட்டும் கிடைக்கும். பிடுங்காவிடில், கீழே பகுதிச் செட்டு என்றே எழுதப்படும். அவருக்குத் தேவையான எண் அதுவன்று. "தம்பி, உங்களுக்கு எது தோதோ அப்படிச் செய்யுங்க. ஆனா இந்த நாலு பல்லும் எனக்கு வலிச்சதே இல்லை" என்றார் அந்த அம்மையார்.

கீழ்த்தாடையில் முழுச் செட்டு நிலைத்து நிற்பது அரிது என்பதும், எஞ்சிய பற்களே செட்டுக்குப் பிடிமானம் என்பதும், பல் போன இடத்தில் எலும்பு நாளடைவில் தேய்ந்துபோகும் என்பதும் நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடங்கள். தோழர் ஓர் இரவு முழுதும் உறங்கவில்லை. மறுநாள் ஆசிரியரிடம் சென்று, பற்களை வைத்துக்கொண்டே பகுதிச் செட்டுச் செய்ய அனுமதி கேட்டார். ஆசிரியர் ஒப்பினார், பாராட்டவும் செய்தார். ஆயின், பதிவேட்டில் அப்பாராட்டை எழுதக் கட்டம் ஏதும் இல்லை. அம்மையார் நான்கு பற்களோடு மகிழ்ந்து வீடு சென்றார். நம் தோழர் வேறொரு நோயாளியைத் தேடி மேலும் ஏழு வாரம் அலைந்தார். தேர்வில் அமர்வோமா என்ற ஏக்கம் அவரை அந்நாட்களில் பாதியாக மெலியச் செய்தது. நேர்மைக்குத் தண்டனையும், நேர்மையின்மைக்குக் கையொப்பமும் தரும் நிலையை எந்த ஆசிரியரும் விரும்பிப் படைக்கவில்லை. எண்ணிக்கை அதனைத் தானே படைத்துவிட்டது. எல்லா மாணாக்கரும் நம் தோழரைப் போன்றே முடிவு செய்வர் என்று நம்பி ஒரு பாடத்திட்டத்தை நடத்துவது சரியா?

எண்ணிக்கையை ஒழித்துவிடுவதே வழி என்று சிலர் முழங்குகின்றனர். நாம் அக்கட்சியினர் அல்லேம். கை பழகாத வைத்தியரினும் கொடியவர் எவர்? முதல் பல்லைப் பிடுங்கும்போது நடுங்கிய கை, இருபதாவது பல்லில் நடுங்குவதில்லை. இது அனுபவ உண்மை. தவிர, 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோவிட் கொள்ளைநோயை ஒட்டி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, கல்லூரிகளின் பல் சிகிச்சைக்கூடங்கள் மூடப்பட்டன. துளைக்கருவி எழுப்பும் நுண்துளிகளே தொற்றைப் பரப்பக்கூடும் என்ற அச்சம் உலகெங்கும் இருந்தது. மாணாக்கர் கணினித் திரையில் பாடம் கேட்டனர். பின்னர்ப் பொம்மைத் தலைகளிடம் திரும்பினர். பல கல்லூரிகளில் தொகை குறைக்கப்பட்டது. அல்லது காலம் நீட்டப்பட்டது. அதுவரை எண்ணிக்கையைச் சபித்துக்கொண்டிருந்த மாணாக்கர், "இவ்வளவு குறைந்த பழக்கத்தோடு எப்படி வெளியே செல்வது?" என்று கவலையுற்றனர். ஆதலின் பழக்கம் வேண்டும். பழக்கத்தை அளக்கவும் வேண்டும். எதனை எண்ணுகிறோம் என்பதுதான் கேள்வி.

மாணாக்கர் பலர் விரும்பும் மாற்றம் ஒன்றுண்டு. அயல்நாடுகளின் கல்லூரிகள் சிலவற்றில் அது நடைமுறையிலும் உள்ளது. ஒரு மாணாக்கரிடம் ஒரு நோயாளியின் வாய் முழுவதையும் ஒப்படைத்தல். அந்த வாயில் எத்தனை சொத்தை, எத்தனை ஈறு நோய், எது அடைக்கத் தக்கது, எது விட்டுவைக்கத் தக்கது என்று திட்டமிட்டு, முதல் நாள் முதல் இறுதி நாள் வரை அவரே பார்த்து முடித்தல்; ஆறு மாதம் கழித்து மீண்டும் அழைத்துப் பார்த்தல். இங்கு எண்ணப்படுவது நலம் பெற்ற மனிதர். கைத்திறனைத் தனித் தேர்வால் சோதித்துக்கொள்ளலாம். குறையுள்ளவர் பொம்மையிடம் மீண்டும் சென்று பழகலாம். இதற்கு ஆசிரியர் அதிகம் வேண்டும், செலவும் காலமும் அதிகம் என்பதை நாம் மறுக்கவில்லை. மலிவான கல்வியின் செலவை இன்று நோயாளி செலுத்துகிறார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

எண்ணப்படாத இன்னொன்று நோய் வருமுன் காத்தல். இத்துறையில் நம் பகுதிக்குப் பெருமை தரும் வரலாறு உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணத் தனித் தாதியரைப் பயிற்றும் முறையை 1921-இல் நியூசீலந்து தொடங்கிற்று. அம்முறையைத் தழுவிப் பினாங்கில் 1949-இல் பயிற்சிப் பள்ளி எழுந்தது. சிங்கப்பூர் 1950-களின் பிற்பகுதியில் குடிநீரில் அளவாக ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கியது. மலேசியாவும் அவ்வழி சென்றது. குழாய் நீரில் கலந்த அந்த அணுவளவுப் பொருள் காத்த பற்களின் தொகைக்கு முன், துளைக்கருவி அடைத்த பற்களின் தொகை எம்மாத்திரம்? இருந்தும், பாற்புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்து உறங்கவிடும் தாய்க்கு, மேல்வரிசை முன்பற்கள் அழுகுவதன் காரணத்தை அரைமணி நேரம் விளக்கிக் கூறினால், அதற்குப் பதிவேட்டில் கிடைக்கும் மதிப்பு மிக அற்பம். அதே அரைமணியில் ஒரு பல்லை அடைத்தால் ஒரு கையொப்பம். மாணாக்கர் எதனைத் தெரிந்தெடுப்பர் என்று கேட்கவும் வேண்டுமோ?

வெற்றிலைப் பாக்கைப் பற்றியும் ஒரு சொல் கூறாதிருக்க இயலவில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்க வல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்திய சமூகத்தாரிடை மிகுந்து காணப்படுவதும், வெற்றிலை மெல்லும் வழக்கம் அதற்குத் தலையாய காரணம் என்பதும் ஆராய்ச்சியாளர் பலர் கண்ட உண்மை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, நாக்கின் ஓரத்தில் ஆறாத புண், நாளுக்கு நாள் வாய் திறக்க முடியாமை ஆகியவை முன்னறிவிப்புகள். தொடக்கத்திலே கண்டால் உயிர் காக்கலாம். நம் கல்லூரியின் பரிசோதனைத் தாளில் இதற்கென ஒரு வரி இருந்தது. பற்களுக்கோ முழுப் பக்கம். ஒரு வரியை ஒரு சொல்லால் நிரப்பிவிட்டு மாணாக்கர் பல்லுக்கு விரைவர். கையொப்பம் பல்லில்தான் இருக்கிறது. நாக்கைத் தூக்கி, கன்னத்தை விலக்கி, கழுத்துக் கட்டிகளைத் தடவிப் பார்க்கும் இரண்டு நிமிடத்திற்கும் ஒரு கையொப்பம் வைத்தால், நம் பாட்டியர் சிலர் மேலும் பல்லாண்டு வாழ்வர்.

மொழியைப் பற்றி மாணாக்கர் கூறும் குறை ஒன்றையும் எடுத்துரைப்போம். வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் நிகழ்கிறது. நாற்காலியில் அமர்வோர் மலாயிலும், தமிழிலும், சீனத்திலும் நோகின்றனர். நோய் அறிவதில் சொல்லே முதற் கருவி. குளிர்ந்த நீர் பட்டால் "கூசுகிறது", உடனே போய்விடுகிறது என்று ஒருவர் கூறின், அப்பல்லின் உள்நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது; அடைத்தால் போதும். இரவில் தானாகவே "விண்விண்ணென்று தெறிக்கிறது", உறங்க முடியவில்லை என்றால், உள்நரம்பு மீளாது. வேர் சிகிச்சையோ பிடுங்கலோ வேண்டும். கூச்சத்துக்கும் தெறிப்புக்கும் உள்ள வேற்றுமை அறியாத மாணாக்கர் இரண்டையும் 'வலி' என்று ஒரே சொல்லால் எழுதிக்கொள்வர். நாம் மலாய்த் தோழர்க்கும் சீனத் தோழர்க்கும் தமிழ் மூதாட்டியரின் சொல்லை மொழிபெயர்த்துக் கொடுத்தோம். அவர்களும் நமக்கு அவ்வுதவி செய்தனர். அது நட்பின் அழகு. நட்பு செய்த வேலையைப் பாடத்திட்டமும் செய்ய வேண்டாவா? மும்மொழியிலும் நோவைக் குறிக்கும் ஐம்பது சொற்களைக் கற்பிக்க வாரம் ஒரு மணி நேரம் போதும்.

தமிழ் இளைஞர்க்கு இதில் தனிக் கடமையும் உண்டு. நம்மவருள் ஆங்கிலத்தில் எல்லாம் அறிந்து, நம் பாட்டியிடம் ஈறு வீங்கியிருப்பதைத் தமிழில் சொல்லத் தடுமாறுவோர் பலர். கற்ற விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் கூற இயலாதவரை அது நம் வீட்டு வாயிலுக்கு வெளியிலேயே நிற்கும். உள்ளே கண் போய்விடும் என்ற அச்சமும், புழு என்ற கதையும் தங்கு தடையின்றி வாழும்.

மாணாக்கர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. எளியதை இனிது என்பதும், பயன் பின்னர்த் தெரிவதை வீண் என்பதும் மாணவப் பருவத்தின் இயல்பு. ஆதலின் ஒரே முறை கேட்பது போதாது. படிக்கும்போது ஒருமுறை; பட்டம் பெறும்போது ஒருமுறை; வெளியே சென்று ஐந்தாண்டு தொழில் செய்தபின் ஒருமுறை. மூன்று விடைகளையும் ஒப்பு நோக்கினால், எது சோம்பலின் குரல், எது உண்மையின் குரல் என்பது விளங்கும். நாற்காலியில் அமர்ந்த நோயாளியையும் ஒரு வார்த்தை கேட்கலாம். "உமக்கு விளக்கிச் சொன்னார்களா? உம் விருப்பத்தைக் கேட்டார்களா?" என்ற இரண்டு கேள்விகளே போதும்.

பாடத்திட்டத்தை வகுக்கும் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் சிறியது. பழைய பதிவேட்டைக் கிழித்தெறிய வேண்டாம். அதன் ஓரத்தில் சில கட்டங்களைக் கூட்டுங்கள். பிடுங்கிய பல்லுக்கு அங்கே ஒரு கட்டம் இருக்கிறது. அடைத்த பல்லுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பிடுங்காமல் காத்த பல்லுக்கும் ஒரு கட்டம் வையுங்கள். அதிலும் ஆசிரியர் கையொப்பம் இடட்டும்.